எல்லைக் கடையும் கொரிய உணவகமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற சாரல் பருவத்தில் எம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். இன்று அவர் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் கொரிய நிறுவனம் ஒன்றில் பொறியாளர். ஐந்தருவியில் குளித்த ஈரம் காயாத தலையுடன் அமர்ந்தவர், சற்றுத் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க மேலதிகாரி கொரியாக்காரர். மாசத்துக்கு ஒரு தடவை எங்க எல்லாரையும் கொரியன் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவார். நான் போகலாமா? போனா என்ன சாப்பிடலாம்?"

நாம் சிந்திக்கவே இல்லை. "அங்கே பன்றியும் மதுவும்தானே இருக்கும்? போகாம இருந்துக்கோங்க" என்றோம். அவர் "சரி ஹஜ்ரத்" என்று சலாம் கூறி விடைபெற்றார். சில மாதங்கள் கழித்து, அவர் அவ்வுணவகத்திற்குச் சென்றுகொண்டுதான் இருக்கிறார் என்று அறிந்தோம். எம்மிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இது அவருடைய பிழையன்று, எம்முடைய பிழை. அறியாததைப் பற்றி அறிந்தவர்போல் விடையளித்தோம். அதன் பின்னரே கொரியரின் உணவைப் பற்றியும், அந்நாட்டுக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பற்றியும் தேடிப் படித்தோம். அத்தேடல் எம்மை முதலில் கொண்டு சேர்த்த இடம் கொரியா அன்று. நம் ஊர் எல்லையிலுள்ள பிரானூர்.

நம் இலையில் இருந்த அயல்நாடுகள்

குற்றாலத்திற்கு வருவோர் அருவியில் குளித்துவிட்டுப் பசியுடன் தேடிச் செல்லும் இடம் 'பார்டர்' என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூரில் உள்ள ரஹ்மத் கடையும் அதைச் சுற்றியுள்ள பரோட்டாக் கடைகளும் தமிழகமெங்கும் பெயர் பெற்றவை. வாழையிலையில் சிறு சிறு பரோட்டாக்களைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, மிளகு மணக்கும் நாட்டுக்கோழியுடன் உண்பவர்களில் எத்தனை பேர், இது எந்த 'பார்டர்' என்று எண்ணிப் பார்க்கின்றனர்?

அது இரு அரசுகளுக்கு இடையிலிருந்த உண்மையான எல்லை. தென்காசி ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்த அரசுக்குத் தனிச் சட்டமும் தனிச் சுங்கமும் 'சக்கரம்' என்ற தனி நாணயமும் இருந்தன. 1904இல் கொல்லத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கு இரயில் வந்தபோது மலைக்கு இருபுறமும் இருந்த வணிகம் பெருகியது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மலைக்கு அப்பால் நகர்ந்தது. பெயரோ கடைப் பலகைகளிலும் மக்கள் நாவிலும் நிலைத்துவிட்டது.

அந்தக் கடைகளின் இலையில் இருப்பவை மட்டும் நம் மண்ணின் பழம்பொருள்களா? மைதா நெல் விளையும் தென்காசிச் சீமையின் பொருளன்று. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாடும், அதன்பின் வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய கோதுமையும் மாவுணவை நம் பக்கம் பெருக்கின. சால்னாவின் காரத்திற்குக் காரணமான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவிற்கு வந்தது. நம் முன்னோர் அறிந்த காரம் பொதிகை மலைச் சாரலில் கொடியாய்ப் படரும் மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சூட்டி 'மிளகாய்' என்று அழைத்துத் தம் அம்மியில் ஏற்றிக்கொண்டனர்.

இதே மிளகாய் ஏறத்தாழ அதே காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொரியாவுக்கும் சென்றது. இன்று கிம்ச்சி என்னும் புளித்த காய்கறி ஊறலைச் சிவக்கச் செய்வதும், கோச்சுஜாங் என்னும் காரக் குழம்பு விழுதுக்கு உயிர் கொடுப்பதும் அதுவே. நமக்கும் கொரியருக்கும் இன்று பொதுவாக உள்ள அந்தக் காரம் இரு நாட்டாருக்கும் அயல்நாட்டுச் சரக்காக வந்ததுதான். வெளியூர்ப் பொருள் என்பதற்காக நம் பெரியவர்கள் அதைத் தள்ளவில்லை. அதில் ஹராம் உண்டா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

கடல் கடந்த கடையநல்லூர்

பக்கத்து ஊரான கடையநல்லூர் நெசவாளர்களின் ஊர். தறி சோறு போடாத நாள்களில் அவ்வூர் முஸ்லிம்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். ஆண்கள் கூலி வேலைக்குச் செல்ல, பெண்கள் மசாலா அரைத்தும் சிற்றுணவு செய்தும் விற்றுக் குடும்பம் காத்தனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பையும் நிறுவினர். இன்றும் அந்நகரின் பெயர்பெற்ற மேக்ஸ்வெல் உணவு அங்காடியின் முகவரி 'எண் 1, கடையநல்லூர் ஸ்ட்ரீட்' என்பதாகும். உலகெங்குமிருந்து வரும் பயணிகள் சீன உணவு உண்ண வரிசையில் நிற்கும் கட்டடத்தின் வாசலில் நம் மாவட்டத்து ஊரின் பெயர் இருக்கிறது.

அந்தச் சூழலை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் பன்றிக்கொழுப்பில் பொரித்த உணவு விற்கும் கடைகள். நம்மவர் அக்கடைக்காரர்களுடன் பகை கொள்ளவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் கொடுத்ததை உண்ணவும் இல்லை. மூன்றாவது வழி ஒன்றைக் கண்டனர். சீனரின் கோதுமை நூலுணவை வாங்கி, விலக்கப்பட்ட கொழுப்பையும் இறைச்சியையும் நீக்கி, மிளகாய் விழுதும் ஆட்டிறைச்சியும் சேர்த்து வறுத்து, 'மீ கோரெங்' என்ற பெயரில் விற்றனர் இந்தியத் தமிழ் முஸ்லிம்கள். 'மீ' என்பது சீன ஹொக்கியன் சொல். 'கோரெங்' என்பது மலாய்ச் சொல். வாணலியைப் பிடித்த கை தமிழ் முஸ்லிமின் கை. சீனரும் மலாயரும் தமிழரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்ணும் உணவாக அது ஆயிற்று.

கேசொங் நகரத்துக் கடைக்காரர்

இனி கொரியாவுக்குச் செல்வோம். அந்நாட்டை நாம் தொலைக்காட்சித் தொடர்களாலும் கார்களாலும் கைப்பேசிகளாலும் நேற்றுத்தான் அறிந்தோம் என எண்ணுகிறோம். முஸ்லிம் உலகம் அதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு குர்தாத்பிஹ் தம் பயண வழிகள் பற்றிய நூலில், சீனாவுக்கு அப்பால் பொன் மிகுந்த சில்லா என்ற நாடு இருப்பதையும், அங்குச் சென்ற முஸ்லிம்கள் அதன் வளத்தை விரும்பித் தங்கிவிடுவதையும் குறிப்பிடுகிறார். 1154இல் அல்இத்ரீஸீ வரைந்த உலகப் படத்திலும் அந்நாடு இடம்பெற்றுள்ளது. கொரியரின் கொர்யோ அரச வரலாறும், 1024ஆம் ஆண்டில் சுமார் நூறு அரபு வணிகர்கள் பொருள்களுடன் வந்ததைப் பதிந்து வைத்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் கொரியாவை வென்ற பின்னர், மத்திய ஆசியாவிலிருந்து முஸ்லிம்கள் பலர் வந்து தலைநகர் கேசொங்கில் குடியேறினர். கொரியர் அவர்களை 'ஹொய்ஹொய்' என்று அழைத்தனர். அவர்களுக்கெனத் தொழுமிடம் இருந்தது; தனி உடை இருந்தது; அரசவை விழாக்களில் கலந்துகொண்டு தம் முறைப்படி வாழ்த்துக் கூறும் மதிப்பும் இருந்தது. வணிகம் செய்தனர், உணவுக் கடையும் நடத்தினர். அக்காலத்து நாட்டுப்பாடல் ஒன்று, மாவுக் கொழுக்கட்டை விற்ற ஹொய்ஹொய் கடைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அப்பாட்டு அக்காலத்து ஒழுக்கக்கேட்டைக் கேலி செய்வது. அதில் வரும் கடைக்காரரின் நடத்தையும் மெச்சத்தக்கதன்று. ஆயினும் வரலாறு படிப்போருக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கொரிய நகரத்து மக்கள் வெளியே சென்று உண்ண விரும்பினால், அவர்கள் சென்ற கடைகளில் ஒன்று முஸ்லிமின் கடை. நம் எல்லைக் கடையைப் போல அங்கும் ஒரு கடை இருந்திருக்கிறது.

பின்னர் என்ன ஆயிற்று? ஜோசொன் வம்சத்தின் செஜோங் மன்னர் கொரியரின் எழுத்தை உருவாக்கிய பேரறிஞர். அவருடைய அரசவையில் முஸ்லிம்களின் வானியல் கணக்கு போற்றப்பட்டது. 1440களில் தொகுக்கப்பட்ட நாள்காட்டி நூல் ஒன்று அதனை அடிப்படையாகக் கொண்டது. அதே மன்னரின் ஆட்சியில்தான், 1427இல், ஹொய்ஹொய் மக்கள் தம் தனி உடையை விட்டுக் கொரிய உடையை அணிய வேண்டும், அரசவையில் தம் முறைச் சடங்கைக் கைவிட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அறிவைப் பெற்றுக்கொண்டவர்கள் அறிவுக்குரியவர்களின் அடையாளத்தை ஏற்கவில்லை. அச்சிறு கூட்டம் சில தலைமுறைகளில் கரைந்துவிட்டது. மங்கோலிய இளவரசியுடன் 1274இல் வந்த முஸ்லிம் ஒருவரின் வழித்தோன்றல்கள் 'தொக்சு ஜாங்' என்ற குலப்பெயருடன் இன்றும் கொரியாவில் வாழ்கின்றனர். குலப்பெயர் எஞ்சியது, கலிமா எஞ்சவில்லை.

அந்நியருடன் கலந்து உண்டதால் அவர்கள் அழிந்தனர் என்று நாம் கூறவில்லை. அரச ஆணையும், சிறு எண்ணிக்கையும், தாயகத் தொடர்பு அறுந்ததும் காரணங்கள். ஆயினும் ஒரு தந்தை மகனுக்கு "இதை உண், இதை விலக்கு, காரணம் இது" என்று சொல்லித்தரும் வழக்கம் எந்த வீட்டில் என்றைக்கு நின்றதோ, அன்றே அந்த வீட்டில் கதை முடிந்திருக்கும். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை இருக்கும் வரைதான் மார்க்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. இதைப் படித்தபோது எம் மாணவரின் முகம் நினைவில் வந்து நின்றது.

இன்னொரு செய்தியும் நெஞ்சை உறுத்துகிறது. கொரியர் பெரிதும் விரும்பும் மதுவான சோஜுவை வடிக்கும் முறை மங்கோலியர் காலத்தில் அங்கு வந்தது. கேசொங் பகுதியில் அதற்கு 'அராக்ஜு' என்றும் ஒரு பெயர் உண்டு. வியர்வை என்று பொருள்படும் 'அரக்' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம். முஸ்லிம் அறிஞர்கள் பன்னீருக்கும் அத்தருக்கும் மருந்துக்கும் வளர்த்த வடிகலை, பிறர் கையில் போதைக்குப் பயன்பட்டது. தொழுகை மறைந்த நாட்டில் அச்சொல் மட்டும் மதுக்குடுவையில் தங்கிவிட்டது.

மீண்டும் ஒலித்த பாங்கு

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அல்லாஹ் வேறொரு வழியைத் திறந்தான். 1950இல் கொரியப் போர் மூண்டபோது துருக்கியப் படை அங்குச் சென்றது. படையினருடன் சென்ற இமாம்கள், போரில் நொந்த கொரியர் சிலருக்கு இஸ்லாத்தை எடுத்துரைத்தனர். துருக்கியர் சுவொன் நகரில் அனாதைக் குழந்தைகளுக்கு 'அன்காரா' என்ற பெயரில் பள்ளி நடத்திச் சோறும் கல்வியும் அளித்தனர். 1955இல் கொரிய முஸ்லிம்களின் முதல் சங்கம் உருவாயிற்று. அரசு வழங்கிய நிலத்தில், முஸ்லிம் நாடுகளின் பொருளுதவியுடன், 1976 மே 21 அன்று சியோல் நகரின் இதேவொன் பகுதியில் மத்தியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. இன்று அப்பள்ளியைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உள்ளன. கொரிய முஸ்லிம் சம்மேளனம் உணவுப் பொருள்களுக்கு ஹலால் சான்றும் வழங்குகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல், ஹூண்டாய் நிறுவனம் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்தது. 1998இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து உதிரிபாக நிறுவனங்களும், அவற்றுடன் கொரியக் குடும்பங்களும், அவர்களுக்கான உணவகங்களும் வந்தன. சென்னையிலும் திருப்பெரும்புதூர்ச் சாலையிலும் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் தோன்றின. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பிள்ளைகள் படித்து முடித்து வேலை தேடிச் செல்லும் ஊர்களில் அதுவும் ஒன்று. முன்பு சிங்கப்பூருக்குக் கப்பலேறிய பாட்டனாரின் நிலை, இன்று பேருந்தேறிச் செல்லும் பேரனுக்கு வாய்த்திருக்கிறது.

அந்த மேசையில் அமரும்போது

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனம் மனிதர் யாவரையும் நோக்கி, பூமியில் உள்ளவற்றில் ஆகுமானதையும் தூயதையும் உண்ணுமாறு அழைக்கிறது. அல்மாயிதா அத்தியாயம் 3ஆம் வசனம் விலக்கப்பட்டவற்றை எண்ணிச் சொல்கிறது. விலக்கப்பட்டவற்றின் பட்டியல் சிறியது. ஆகுமானதன் பரப்பு பெரியது.

நபி (ஸல்) அவர்களின் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்ட நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் ஓதுகிறோம். தம் ஊரில் பழக்கமில்லாத உணவாதலால் தமக்கு விருப்பமில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அருகிலிருந்து உண்டபோது தடுக்கவில்லை. நமக்குப் பழக்கமில்லை என்பது வேறு, மார்க்கத்தில் கூடாது என்பது வேறு. கிம்ச்சியின் வாடை பிடிக்காதவர் ஒதுக்கிவிடலாம்; அதற்கு ஹராம் என்று பெயரிடும் உரிமை அவருக்கு இல்லை.

இனி உணவு வகைகளைப் பார்ப்போம். சம்க்யொப்சால் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை மேசையிலேயே சுட்டு உண்பது. அதில் பேச்சுக்கு இடமில்லை. கிம்பாப் என்னும் கடற்பாசிச் சோற்றுச் சுருளில் பன்றி இறைச்சித் துண்டு வைப்பதும் உண்டு; கேட்டறிய வேண்டும். பிபிம்பாப் என்பது சோற்றின்மேல் காய்கறியும் முட்டையும் இறைச்சியும் வைத்துப் பிசைந்துண்பது. இறைச்சியின்றிக் கேட்டுப் பெறலாம். தொக்போக்கி என்பது அரிசி மாவுக் கட்டிகளைக் காரக் குழம்பில் இட்டது. நம் வீட்டுப் பிடி கொழுக்கட்டையின் உறவு என்றே சொல்லலாம். ஆனால் கடையில் விற்கும் கோச்சுஜாங் விழுதுகள் சிலவற்றில் மதுச்சாரம் சேர்க்கப்படுகிறது. சில சமையல்களில் இறைச்சியின் கவிச்சி போக அரிசி மது ஊற்றுகின்றனர். நூலுணவுப் பொட்டலங்களின் சாற்றுப்பொடியில் பன்றியோ அறுக்கப்படாத மாட்டிறைச்சியோ இருக்கலாம். ஹலால் சான்று பெற்றவையும் கிடைக்கின்றன. கிம்ச்சியில் புளித்த இறாலும் மீனும் சேர்ப்பது வழக்கம். கணவாய், ஆக்டோபஸ், சிப்பி ஆகியவற்றில் ஷாஃபிஈ மத்ஹபினருக்கும் ஹனஃபீ மத்ஹபினருக்கும் சட்டம் வேறுபடும். அவரவர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

கோழியும் ஆடும் எவ்வாறு அறுக்கப்பட்டன என்று கேட்பதில் வெட்கம் கூடாது. ஹலாலும் ஹராமும் தெளிவானவை, இடைப்பட்ட ஐயத்திற்குரியவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். பன்றியைச் சுட்ட தட்டிலேயே நம் காளானையும் சுடுவார்களாயின் வேறு தட்டுக் கேட்க வேண்டும். வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் வினவியபோது, வேறு பாத்திரம் இருந்தால் அதை நாடவும், இல்லையெனில் கழுவி உண்ணவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மது சுற்றிவரும் விரிப்பில் அமர்வதையும் அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே சோஜு பரிமாறப்படும் இரவு விருந்தைத் தவிர்த்து, மது இல்லாத பகல் உணவுக்கு இணங்குவதே நம் பிள்ளைகளுக்கு உகந்தது.

கொரியரின் உணவு ஒழுக்கத்தில் நமக்குப் பழக்கமான ஒன்றும் உண்டு. பெரியவர் கரண்டியை எடுக்கும் வரை இளையவர் உண்ணத் தொடங்குவதில்லை. பெரியவருக்குக் கொடுப்பதையும் அவரிடமிருந்து பெறுவதையும் இரு கைகளால் செய்கின்றனர். ஆகவே "என் மார்க்கத்தில் இது கூடாது" என்று பணிவுடன் சொன்னால் பொருள் புரிந்துகொள்ளும் பண்பு அவர்களிடம் இருக்கும் என நம்பலாம். மறுப்பது கடமையாகும் இடத்திலும் முகம் சுளித்து இகழ்வது கடமையன்று.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் எம் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். முன்பு கூறிய விடை அவசரத்தில் கூறியது என்று ஒப்புக்கொண்டு, மேற்கண்டவற்றை விளக்கினோம். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் கேட்டார்: "அப்போ ஹஜ்ரத், இந்தச் சீசனுக்கு எங்க மேலதிகாரியை நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வரட்டுமா? பார்டர்ல பரோட்டா வாங்கிக் கொடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"தாராளமாக அழைத்து வாருங்கள். அவர் முதலில் கையை வைக்கும் வரை நீங்கள் காத்திருங்கள்" என்றோம்.

அல்லாஹு தஆலா நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும், கேட்கத் தயங்காத நாவையும், அவர்களுக்கு விடை சொல்வோருக்கு அறிவையும் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.